குண்டூசி டப்பா

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

அன்று போனில் சொன்னது அம்மா காதில் விழுந்திருக்குமோ என்று சந்தேகம். அதனால் கடிதம்.

அப்பா போனபின் வருஷக்கணக்காக இரவுத் தூக்க மாத்திரைக்குப் பழகிய உடம்பு அம்மாவுக்கு. பகலில் அரை சேர்த்தால் ஒன்றும் ஆகிவிடாது. டாக்டரிடம் கேட்கப் போக வேண்டாம். நீ தைக்கும் சீருடை ஆர்டர் முடியும்வரைதானே.

உன் தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பகல் மாத்திரை போட்டதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். "கத்தரி எங்கடி, நூல் எங்கடி" என்று கேட்க ஆளில்லை. தையல் மெஷின் சத்தம் மட்டும். நிம்மதியாக இருக்கிறது. அப்படி இருப்பதுதான் கூசுகிறது.

நேற்று ஒரு சட்டையில் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தைத்திருக்கிறாள். அவள், கண்ணாலேயே அளவெடுத்தவள். "யாருடி இந்த லட்சணத்துல தச்சது?" என்று என்னைத் திட்டினாள். சிரித்துவிட்டேன். பிறகு பயம்.

டாக்டரிடம் போகிறேன்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

பகல் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டாயா? நான் சொல்லித்தான் கொடுத்தாய் என்று சொல்ல வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சொன்னேன். உன்னைச் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மறதிக்கு மாத்திரைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வயசானவங்க வருஷக்கணக்கா சாப்பிட்டா அந்த ஆபத்து கூடலாம்னு சொல்றாங்க. நீங்களா கூட்டவும் வேண்டாம், சட்டுனு நிறுத்தவும் வேண்டாம். மெல்லக் குறைப்போம்."

வீட்டுக்கு வந்து ஊசி எடுக்க அம்மாவின் குண்டூசி டப்பாவைத் திறந்தேன். அடியில் அரை அரையாக மாத்திரைகள். ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி.

உனக்கு நினைவிருக்கும். வாயோரம் குண்டூசிகளை ஒதுக்கிக்கொண்டே வாடிக்கைக்காரர்களிடம் கதை பேசுவாள். ஒன்றுகூட உள்ளே போனதில்லை.

டப்பாவைக் காட்டிக் கேட்டேன். "ராத்திரி மாத்திரையை முழுங்கிடுறேன். இது நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுதானே. பக்கத்து ரூம்ல இருந்தா காது கேக்காதா?"

"அப்போ பகல்ல தூங்கவே இல்லையாம்மா?"

"கண்ண மூடிப் படுத்திருந்தேன். உனக்கு வேலை ஓடணுமில்ல."

பக்கத்துவீட்டுக்காரி பெயர் மறந்துபோகிறது அவளுக்கு. இது மறக்கவில்லை.

கடைசியில் சொன்னாள்: "அவன்கிட்ட எழுதிடாதே. கூசிப்போயிடுவான்."

அதனால்தான் எழுதுகிறேன். இங்கே நான் ஒருத்தியாகக் கூசிக்கொண்டிருக்கிறேன்.

பதில் போட வேண்டாம். வா.

அக்கா