பேப்பர் ஒட்டிய அடிக்கல்

2001 ஏப்ரல் 3, செவ்வாய்.

தேர்தல் அறிவித்துவிட்டதால் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் பசை வாளியோடு எங்கள் பள்ளிக்கு வந்தார். பெண்கள் கழிப்பறைக்கு நட்ட அடிக்கல்லில், எம்.எல்.ஏ. பெயர்மேல் பேப்பர் ஒட்டினார். கல்லுக்குப் பின்னால் முள்புதர்தான் இருக்கிறது.

"கக்கூஸ் எங்க கீது சார்?" என்றாள் பத்தாம் வகுப்பு சாந்தி.

"ஜெயிச்சு வர்றவரக் கேளும்மா. நமக்கு ஒட்டற வேலதான்."

"அப்ப நான் இஸ்கூல்லயே இருக்கமாட்டேன் சார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நட்ட கல் அது. எம்.எல்.ஏ.வின் பதவிக்காலமும் ஐந்து வருடம், அவள் இங்கே படித்ததும் ஐந்து வருடம். தலைமையாசிரியரான நான் மனு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட நேரில் போய்ச் சண்டை போடவில்லை.

தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டுமே என்று, குடிக்காமலே பள்ளிக்கு வருகிறவள். நாளைய கணக்குப் பரீட்சைக்கும் அப்படித்தான் வருவாள்.