கார்னெட்டைத் திட்டி நாலு சரணம்

ஜனவரி 7, செவ்வாய்

நான் எழுதிய பாட்டு இன்று வானொலியில் வந்துவிட்டது. காலை ஏழேகாலுக்கு, செய்திக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவில். பாடகன் மைட்டி கெட்டில் நன்றாகத்தான் பாடியிருக்கிறான். இரண்டாம் சரணத்தில் மட்டும் ஒரு சொல்லை விழுங்கிவிட்டான். அந்தச் சொல்லைத் தேட எனக்கு ஒன்பது நாள் ஆனது. அவனைப் பார்க்கும்போது கேட்கவேண்டும்.

நான் வேலை பார்க்கும் தொலைபேசி நிலையத்தில் பதினோரு பெண்கள். பதினோரு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரைப் பற்றிய பாட்டு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எங்கள் பேட்டை பெல்மான்ட் முழுக்கத் தெரிந்த கதைதானே. ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, வாத்தியம் அடிக்கும் இரண்டு குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "போறேன்" என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான் என் புருஷன் கார்னெட். இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டில் இருக்கிறான். அங்கேயும் பேசுவதில்லையாம். மாலையில் எங்கள் தெருக்கோடிக்கு வந்து பான் அடிக்கிறான். எண்ணெய் பீப்பாயை வெட்டித் தட்டிச் செய்த வாத்தியம். அதற்கும் வாய் கிடையாது, பொருத்தமான ஜோடி.

பன்னிரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவன் பேசிய பேச்சை ஒரு தபால்தலைக்குப் பின்னால் எழுதிவிடலாம். ஆகவே நான் நாலு சரணமாக எழுதினேன். முதல் சரணம் இதோ, ஊர் மறந்தாலும் இந்த நோட்டு மறக்காது:

சோறு எப்படின்னேன், தட்டைக் கழுவி வச்சான்
காய்ச்சல் எனக்குன்னேன், கதவைச் சாத்தி வச்சான்
ஊமைக்குப் பொண்டாட்டி ஆனேனடி அம்மா
பீப்பாய்கூட அடிச்சா பதில் சொல்லும்

ஜனவரி 9, வியாழன்

மூன்று முறை ஒலிபரப்பிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வரும் என்று யார் எதிர்பார்த்தது?

ஜனவரி 12, ஞாயிறு

ஹோலிஸ் வந்தான். எங்கள் தெரு பேண்டுக்கு அவன்தான் இசை அமைப்பவன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபோதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்தது.

"அக்கா, இந்த வருஷம் கார்னிவல் போட்டிக்கு உன் பாட்டைத்தான் எடுக்கிறோம்."

"எந்தப் பாட்டை?"

"உனக்கு இந்த வருஷம் ஒரே பாட்டுதானே."

"உங்க முன்வரிசையில நிக்கிறானே ஒருத்தன், அவனைத் திட்டி எழுதினதுடா அது. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா. மெட்டு அருமையா இருக்கு. வார்த்தையை நாங்க எடுத்துக்கலையே."

வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லையாம். என்ன பெருந்தன்மை.

வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் ரம் பாட்டிலைத் திறந்திருப்பார்கள். கார்னிவல் திருவிழா வந்தால் ஒவ்வொரு பேண்டும் அந்த வருடத்துப் பாட்டு ஒன்றைப் பிடித்து, சொல்லையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, எண்பது பேராக நின்று பத்து நிமிடம் அடிக்கும். எழுதியவருக்கு அது மரியாதை என்பார்கள். எங்கள் நிலையத்துக்கு வரும் புகார்களில் பாதி, ஃபோனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்துவிடுகிறவர்களைப் பற்றியது. அவர்களைப் போலீசில் சொல்கிறோம். அதையே எண்பது பேர் மைதானத்தில் செய்தால் நீதிபதி வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்.

நான் திட்டிய திட்டை, திட்டு வாங்கியவனே தினமும் மாலையில் ஆனந்தமாக அடிக்கப் போகிறான். ஒரு வார்த்தைகூட அவன்மேல் படாமல்! இதற்கா நாலு சரணம் எழுதினேன்?

முடியாது என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். கெட்டில் ஏற்கெனவே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டானாம்.

ஜனவரி 15, புதன்

மாலை ஆறு மணி, தெருக்கோடியில் ஒத்திகை. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது.

கீழ்வீட்டு யூனிஸ் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் செத்தது என்று பதறிப் போய்க் கேட்டேன்.

"யாரும் இல்லடி. மெட்டு அப்படி இருக்கு."

"அது திட்டுற பாட்டு, யூனிஸ்."

"தெரியும். போன வாரம் ரேடியோவுல கேட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். இப்ப வார்த்தை இல்லையில்ல, அதான்."

"நீ குக்கர் விசில் கேட்டாலே அழுவ."

"குக்கர் இப்படி அடிக்காதுடி ஆல்தியா."

இவளுக்கு நான் பதினெட்டு வருடமாக மேல்வீட்டுக்காரி. என் தொண்டைத்தண்ணி வற்ற எத்தனை கதை சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்காவது அழுதிருப்பாளா?

ஜனவரி 19, ஞாயிறு

நேற்றுக் கெட்டில் அரங்கத்தில் பாடினான். முன்னூறு பேர் இருந்திருப்பார்கள். 'பீப்பாய்கூட அடிச்சா பதில் சொல்லும்' என்றபோது எழுந்த சிரிப்பில் அவன் அடுத்த அடியை எடுக்கவே முடியவில்லை. இரண்டு முறை திரும்பக் கேட்டார்கள். பீப்பாய்க்காரர்களே, கேட்டீர்களா? சிரிக்க வைக்கச் சொல் வேண்டும்.

கார்னெட் வரவில்லை. நான் ஒன்றும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. என் இருக்கைக்கு எதிரில் வாசல் இருந்தது.

கூட்டம் கலைந்து போகும்போது எல்லார் வாயிலும் மெட்டுதான் ஓடியது. இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லைச் சரியாகப் பாடவில்லை. ம்ம்ம், லல்லல்லா. சிரித்ததெல்லாம் அதற்குள் எங்கே போயிற்று?

ஜனவரி 24, வெள்ளி

இன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும்.

அலுவலகத்தில் மேற்பார்வைப் பெண்மணி சாப்பிடப் போன நேரத்தில் நாலு சரணத்தையும் சைக்ளோஸ்டைல் எடுத்தேன், எண்பது பிரதி. மாலையில் பேண்டு ஒத்திகை பார்க்கும் பான் முற்றத்துக்குப் போய் ஆளுக்கொன்று கொடுத்தேன். எதை அடிக்கிறோம் என்று தெரிந்து அடியுங்கள் என்றேன்.

எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி விசிறிக்கொண்டாள். ஒருவன் எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பான் தாங்கியின் காலுக்கடியில் செருகினான். ஆட்டம் நின்றது, "தேங்க்ஸ்க்கா" என்றான். ஒன்பது நாள் தேடிய சொல் அங்கேதான் கிடக்கிறது.

கார்னெட்டிடம் கடைசியாக நீட்டினேன். தலை நரைத்திருக்கிறது. முழுவதும் படித்தான், உதடு அசையாமல். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சட்டை கசங்கல்.

"ஏதாவது சொல்லேன்" என்றேன்.

குச்சியை எடுத்தான். ஹோலிஸ் கையைக் காட்ட மற்றவர்கள் அடங்கினார்கள். பாட்டின் நடுவில் மெதுவாக ஒரு பகுதி வைத்திருக்கிறார்களாம், அதை இவன் மட்டும் அடித்தான். என் மெட்டுதான், ஆனால் பாதி வேகத்தில், ஒவ்வொரு வரிக்கு முடிவிலும் ஒரு நிறுத்தத்தோடு. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கோ கேட்டதுபோல இருந்தது. நான் உண்டாக்கிய மெட்டை நான் எங்கே போய்க் கேட்டிருக்கமுடியும்? மெதுவாக அடித்தால் எந்த மெட்டும் அழுமூஞ்சியாகிவிடும். அது ஒரு பழைய தந்திரம்.

வெளியே வரும்போது ஹோலிஸைப் பிடித்தேன். "இந்த இழுவை உன் வேலையா?"

"இல்லக்கா. அவர்தான் வச்சார். பாட்டைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். கமிட்டியில நாங்கல்லாம் வேற பாட்டு சொன்னோம். அவர் வாயைத் திறந்து பேசி நான் பார்த்தது அன்னிக்குத்தான்."

ஜனவரி 25, சனி

அவனா? ஏன்?

பிப்ரவரி 2, ஞாயிறு

அரையிறுதி. நான் போயிருக்கக்கூடாது. யூனிஸ் இழுத்துக்கொண்டு போனாள் என்று எழுதலாம். அவளை இழுத்துக்கொண்டு போனது நான்.

சக்கரம் வைத்த தாங்கிகளில் பான்களை ஏற்றி, தெருவே சேர்ந்து மேடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். முந்தைய பேண்டு முடிக்கும்வரை வரிசையில் நிற்கவேண்டும். ஊர்ந்து, நின்று, ஊர்ந்து. முன்வரிசைத் தாங்கி ஒன்றின் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. தள்ள ஆள் போதவில்லை. கையைக் கொடுத்தேன், அவ்வளவுதான். மேலே எவன் நிற்கிறான் என்று நான் பார்க்கவில்லை. மேலே கார்னெட் நின்றான்.

மேட்டுக்கு வந்து வரிசை மறுபடி நின்றபோது கேட்டேன். "ஏன் இந்தப் பாட்டை எடுத்தே? என்னைக் கேவலப்படுத்தவா?"

பான் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான். போகட்டும் என்று நினைத்தபோது பேசினான்.

"இது புதுப் பாட்டு இல்ல."

"என்ன உளர்றே? அக்டோபர்ல போட்ட மெட்டு."

"ஞாயித்துக்கிழமை இஸ்திரி போடும்போது மூக்கால பாடுவியே. இதுதான். என் சட்டைக்கு வந்தா மெதுவாகும்."

பன்னிரண்டு வருடம் நான் முனகியதை நான் கேட்டதே இல்லை, இவன் கேட்டிருக்கிறான். அக்டோபரில் சமையலறையில் உட்கார்ந்து, இவனைத் திட்ட ஒரு மெட்டு வேண்டுமென்று தேடியபோது தானாக வந்து நின்றது அது. என் திறமை என்று எவ்வளவு குதித்தேன்.

"உன் காலர்ல அழுக்கு. அதான் மெதுவா" என்றேன்.

"சரி."

"சரியா? சொல்லாம கொள்ளாம போனியே, அதுக்கு என்ன சொல்றே?"

"அதுக்கு மூணு மாசம் முந்தி நீ பாடறதை நிறுத்திட்டே. அந்த ஞாயித்துக்கிழமை என் சட்டை எல்லாத்தையும் இஸ்திரி போட்டே. சத்தமே வரல. நீ என்னைப் போகச் சொல்றேன்னு நினைச்சேன்."

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல, பாவி?"

"நீயும் சொல்லல."

நான் சொல்லவில்லையா? நான்? நாள் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாயில் அவ்வளவு வந்தது, அந்த நேரம் பார்த்து வரிசை நகர்ந்தது. தள்ளினேன்.

மேடையில் அந்த மெதுவான பகுதி வந்தபோது மைதானம் அடங்கிப்போனது. நான் அழுதேன். யூனிஸ் பார்த்துவிட்டாள், இனி ஆயுளுக்கும் அவளிடம் தலைநிமிர முடியாது.

கடைசிக்கு முந்தின இடம். நீதிபதிகளுக்குக் காது என்று ஒன்று இருப்பது படத்துக்குத்தான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அந்த வருடத்து நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவன் போவதற்கு முந்தைய மூன்று மாதம். பக்கம் பக்கமாக இருக்கிறது. 'குழாய் இன்னும் ஒழுகுகிறது. கேட்டால் பதில் இல்லை.' 'குழாய்.' 'இன்றும் குழாய்.' பாட்டை நிறுத்தியதைப் பற்றி ஒரு வரி இல்லை. இவ்வளவு எழுதுகிறவள் அதை எழுதவில்லை.

அந்தக் குழாய் இப்போதும் ஒழுகுகிறது.

பிப்ரவரி 11, கார்னிவல் செவ்வாய்

எங்கள் பேண்டு தெருவில் போனது. கூட்டம் பின்னாலேயே ஆடிக்கொண்டு, பீப்பாய் வரி வரும்போது மட்டும் வாய்விட்டுப் பாடியது. சொல்லுக்கு ஒரு வெற்றி என்று இங்கே குறித்துவைக்கிறேன். தாங்கியின் மேல் கார்னெட் சிரித்தான். பக்கப் பல் ஒன்று போயிருக்கிறது.

பிப்ரவரி 12, சாம்பல் புதன்

சர்ச்சில் நெற்றியில் இட்ட சாம்பலோடு கெட்டில் வாசலில் நின்றான். "தாயி, அடுத்த வருஷமும் அந்த ஆளையே திட்டி எழுது. உனக்கு விஷயத்துக்கா பஞ்சம்?"

யோசிக்கிறேன் என்றேன். விழுங்கிய சொல்லைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இஸ்திரி நாள். மேல்சட்டை நாலு, அலுவலகப் பாவாடை இரண்டு, மேசைவிரிப்பு ஒன்று.

ஆண் சட்டை ஒன்று. ஆறு வருடமாக எந்தக் கை தொட்ட காலரோ, அதைப் படியவைக்கவே நேரம் பிடித்தது. சட்டைக்காரன் சமையலறைக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றித் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பெலாவ் சோறு எப்படி என்று கேட்டேன், தட்டைக் கழுவி வைத்தான்.

நானும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை, மூக்கைப் பற்றி என்னால் உறுதி சொல்லமுடியாது. காலருக்கு வந்தபோது அவன் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். காலரை முடிக்கும்வரை அப்படியே இருந்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.