அண்ணனுக்கு நான் குறைத்துச் சொன்ன அர்த்தம்

கோபித்துக்கொண்டு போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும் என் அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் பைக்கை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. சாவியைக் காணோம் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்ன பொய் இதைவிடப் பெரியது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கிற தற்காலிக வேலை உனக்கு. வரிசையில் நிற்க நிற்கக் கரும்பு காய்ந்து எடை குறையும். அன்று வடக்கனந்தல் சிறு விவசாயிகள் இரண்டு நாளாகக் காத்துக் கிடக்க, பெரிய இடத்து டிராக்டர்கள் நேராக உள்ளே போகப் பார்த்தன. நீ எடைமேடைக்குக் குறுக்கே சங்கிலியைக் கட்டிவிட்டாய். "டோக்கன் நம்பர் இன்னாவோ அதுதான் போவும்" என்றாயாம். உன் வாய் எங்கே சும்மா இருந்தது?

மறுநாள் வந்த மெமோவில் 'அன்ரூலி' என்று இருந்தது. "இன்னா பாப்பா போட்டுக்கீறாங்க?" என்று கேட்டாய். காலேஜில் இங்கிலீஷ் படிக்கிறவள் நான்தானே. அகராதியைப் புரட்டினேன். படியாத தலைமுடிக்கும் அந்தச் சொல்தான், கட்டுக்கடங்காத கூட்டத்துக்கும் அதுதான். ஒரு ஆளைச் சொன்னால், எந்த ஒழுங்குக்கும் அடங்காதவன். அன்றைக்கு ஒழுங்குப்படி நின்றவன் நீ ஒருத்தன்தான்.

உள்ளதைச் சொன்னால் மெமோவைக் கிழித்துவிடுவாய், வேலை போய்விடும் என்று பயந்தேன். "சும்மா கோவக்காரன்னு போட்டுக்கீறாங்கண்ணா, ஒத்துக்கினு கையெழுத்து போட்ரு" என்றேன். "அது மெய்தான" என்று சிரித்துக்கொண்டே போட்டாய்.

அந்தக் கையெழுத்தை வைத்தே உன்னை நீக்கினார்கள். வேறு எந்த ஆலையும் சேர்க்கவில்லை. கல்வராயன் மலையில் மரவள்ளி லோடு அடிக்கும் பழைய லாரிக்கு டிரைவராகப் போனாய். பிரேக் சரியில்லை என்று தெரிந்தும், ஓனர் சொன்னார் என்று அன்று மலையிலிருந்து வண்டியை இறக்கினாய். வளைவில் அது நிற்கவில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் அண்ணா அடங்கிப்போனாய்?

உன் பெயரிலிருந்து அந்தச் சொல்லையாவது எடுங்கள் என்று ஆலைக்கு மனு போட்டேன். நேற்று நேரில் போனேன். ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷர்தான், ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "அவரே ஒத்துக்கினு கையெழுத்து போட்டுக்கீறாரும்மா. இனிமே யார் இன்னா பண்ண முடியும்?"

பதில் கடிதமும் கொடுத்தார், இங்கிலீஷில்தான். இனி உனக்கு எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதில் எழுதியிருப்பது இதுதான்: உன் பெயருக்கு எதிரே இருப்பது அப்படியே இருக்கும்.

நீ நம்பிக் கையெழுத்துப் போட்ட
உன் தங்கச்சி