பாவாயியின் இரண்டாவது மணி

அனுப்புகிறவர்:
கு. செங்கோடன்,
கயிற்றுப்பாதை மேஸ்திரி, மேல்சோலைக் காப்பித் தோட்டம்,
ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.

பெறுகிறவர்:
கனம் சப் கலெக்டர் துரை அவர்கள்,
நாமக்கல்.

விஷயம்: என்னைக் கேளாமல் என் பெயரில் கொடுக்கப்பட்ட பிராதின் மேல் பாவாயி என்ற பெண்ணின் மேல் நடக்கும் கேஸை நிறுத்தவும், கயிற்றுப்பாதை மணியின் உத்தரவை உடனே மாற்றவும் வேண்டுவது.

கனம் பொருந்திய துரை அவர்கள் சமூகத்துக்கு, மரியாதையுடன் எழுதிக்கொள்வது:

1. வருகிற தை மாதம் பத்தாம் தேதி நாமக்கல் கோர்ட்டில் ஒரு கேஸ் வாய்தாவுக்கு வருகிறது. கயிற்றுப்பாதையில் மணி அடிக்கும் வேலை பார்த்த பாவாயி, தன் கவனக்குறைவால் மேஸ்திரி செங்கோடனின் இடது காலை நசுங்கவைத்தாள் என்பது குற்றம். பிராது கொடுத்தவர் பெயர் செங்கோடன் என்று எழுதியிருக்கிறது. அந்தச் செங்கோடன் நான்தான். கால் போனதும் என்னுடையதுதான். ஆனால் அந்தப் பிராது என்னுடையது அன்று. அப்படி ஒன்று இருப்பதே, ஆஸ்பத்திரியிலிருந்து டோலியில் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, பாவாயியின் புருஷன் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோதுதான் எனக்குத் தெரியும்.

2. நான் இந்த மலையிலேயே பிறந்தவன். மலைப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை படித்தேன். எஸ்டேட்டில் சுமைக்கூலி மேஸ்திரியாக இருந்தேன். அப்போதெல்லாம் காப்பி மூட்டைகள் தலைச்சுமையாகத்தான் மலையிறங்கும். ஆணும் பெண்ணுமாக எங்கள் ஊர்க்காரர்கள் விடியும்போது ஏற்றி, வெயில் சாய்வதற்குள் அடிவாரத்தில் இறக்குவார்கள். அந்த நாளில் மேஸ்திரி வேலை என்றால் சத்தம் போடுவது. எனக்குச் சத்தம் நன்றாகவே வரும்.

3. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கம்பெனியார் இரும்புக் கயிற்றுப்பாதை போட்டார்கள். மேலே எஞ்சின் கொட்டகை, அடிவாரத்தில் இறக்கும் கொட்டகை, இரண்டுக்கும் நடுவில் சரிவில் ஒரு பெரிய தூண். கயிற்றில் மூட்டை ஏற்றிய இரும்புத் தொட்டிகள் தொங்கிக்கொண்டு இறங்கும். சுமைக்காரர்களுக்கு இனி வேலை இல்லை என்றார்கள். நான் பழைய மானேஜரிடம் போய், அந்த ஆட்களையே கயிற்று வேலைக்கு எடுங்கள், எடுக்காவிட்டால் நானும் அவர்களோடு ராகி விதைக்கப் போகிறேன் என்றேன். அவர் முறைத்தார். பிறகு சம்மதித்தார்.

4. வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் கொட்டகையில் உட்காரவைத்துக் கேட்டேன். உயரம் கண்டு தலை சுற்றுகிறவர் யார், பனிமூட்டத்தில் தூரத்து ஆளை அடையாளம் சொல்லக்கூடியவர் யார், எஞ்சின் சத்தத்தில் நெஞ்சு படபடக்கிறவர் யார் என்று கேட்டு, அவரவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். பாவாயிக்குப் பார்வை கூர்மை, பொறுமையும் உண்டு. அவளே நடுத்தூணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கே ஒரு கம்பி இருக்கிறது. அதை இழுத்தால் மேலே எஞ்சின் கொட்டகையில் வெண்கல மணி அடிக்கும். மணிக் கணக்கை எப்படி வைப்பது என்றும் அவர்களையே கேட்டேன். பயந்துபோனால் உங்கள் கை என்ன செய்யும் என்றேன். பெண்கள் சிரித்துவிட்டார்கள். "உடாம இழுக்குமுங்க, வேற என்னத்தப் பண்ணும்?" என்றாள் பாவாயி. அதையே வைத்துக்கொண்டோம். கயிறு ஓட இரண்டு மணி. நிற்க, விடாமல் அடிப்பது. அந்த ஏற்பாட்டில் ஒரு காப்பிப் பருவம் முழுவதும் ஒருவருக்கும் நகக்கண் கூடச் சிதையவில்லை. எஞ்சின் டிரைவர் சேந்தமங்கலம் சேக் மைதீன் இதற்குச் சாட்சி சொல்லுவார்.

5. இந்த ஆவணி மாதம் புதிய மானேஜர் வந்தார். அவரை நான் மோசமான மனிதர் என்று சொல்ல வரவில்லை. அவருக்குச் சுரங்க வேலை தெரியும். விடாமல் இழுத்து ஒரு தடவை கம்பி அறுந்துபோயிருந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லா ஊர்ச் சுரங்கத்திலும் உள்ள கணக்குப்படி, நிற்க ஒரு மணி, ஓட இரண்டு மணி என்று பலகை எழுதி மாட்டினார். மீறினால் வேலை போகும் என்றார். பலகையை நன்றாக எழுதியிருந்தார். அதன்படி கம்பியை இழுக்கப்போகிற பெண்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திராது.

6. துரை அவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்க நியாயம் இல்லை, ஆகையால் சொல்லுகிறேன். எங்கள் ஊர்களில் மணியை ஒற்றையாக அடிப்பது சாவுக்கு மட்டும். ஒருவர் இறந்துபோனால் ஊர்க்கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்து நிறுத்துவார்கள். அதைக் கேட்டதும் காட்டில் இருப்பவர்கள் போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டு வருவார்கள். மற்ற எதற்கும் ஒற்றை மணி கிடையாது. குழந்தை விளையாட்டாக ஒன்று அடித்தால் தாய் ஓடிவந்து இன்னொன்று அடிப்பாள். வீட்டில் வெண்கலத் தட்டு தவறி விழுந்து ஒரு சத்தம் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் விரலால் இன்னொரு தட்டுத் தட்டிவிடுவார். யோசித்துச் செய்வதில்லை. தும்மலுக்குக் கை மூக்குக்குப் போகிற மாதிரி போகும். இதை மூடப்பழக்கம் என்று துரை அவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கம்பியை இழுப்பது இந்தக் கைதான்.

7. பலகை மாட்டிய அன்றே பாவாயி என்னிடம் வந்து, "மூட்டைக்குன்னா ஒத்தை மணி அடிச்சுப் போடுவேனுங்க மேஸ்திரி அண்ணா. உசுரோட ஒரு ஆளு அதுக்குக் கீழ நின்னா எப்படீங்க அடிப்பேன்? அவருக்குச் சாவுமணி நானே அடிச்ச மாதிரி ஆவாதுங்களா?" என்று கேட்டாள். நான் அதை அப்படியே மானேஜரிடம் சொன்னேன். கயிற்றுக்குக் கீழ் ஆள் நிற்பதே விதிக்கு விரோதம், ஆகையால் அப்படி ஒரு மணி அடிக்கவே நேராது என்றார். மறுபடியும் ஒருநாள் போய்ச் சொன்னேன். இயந்திரத்துக்குச் சாமி கும்பிடத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் இருந்த குமாஸ்தாவும் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

8. கார்த்திகை மாதம் இரண்டாம் தேதி. காலையிலிருந்தே மூட்டம். நடுத்தூணில் ஒரு தொட்டி சிக்கிக்கொண்டது. கயிறு நின்றது. அதை எடுத்துவிட ஒருவர் தூணுக்குக் கீழே போய்த்தான் ஆக வேண்டும், விதி என்ன சொன்னாலும். யாரையும் அனுப்ப எனக்கு மனமில்லாமல் நானே போனேன். மணி வரும்வரை கயிற்றை அசைக்கக் கூடாது என்று சேக் மைதீனிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நான் போன பிறகு மானேஜர் கொட்டகைக்கு வந்திருக்கிறார். அடிவாரத்தில் லாரி காத்துக்கொண்டிருந்தது. கயிற்றை மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரி கீழே இருக்கிறார் என்று சேக் மைதீன் சொல்லியும், ஆபத்தென்றால் மணி வரும் என்றாராம்.

கயிறு என் தலைக்கு மேல் அசைந்தது. நான் சத்தம் போட்டேன். எஞ்சின் கொட்டகைக்கு அது எட்டாது, பாவாயிக்கு எட்டியது. அவள் கம்பியை இழுத்தாள். மேலே ஒரு மணி கேட்டது. சேக் மைதீனின் கை பிரேக்குக்குப் போனது. அதற்குள் இரண்டாவது மணி கேட்டது. இரண்டு மணி, ஓட்டு என்றார் மானேஜர். கயிறு வேகம் எடுத்தது, சிக்கியிருந்த தொட்டி பிய்த்துக்கொண்டு என் மேல் இறங்கியது.

அதன் பிறகு பாவாயி விடாமல் இழுத்திருக்கிறாள். பலகையில் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் சேக் மைதீன் மானேஜரைக் கேட்காமல் பிரேக்கைப் போட்டுவிட்டார். எங்கள் பழைய கணக்கு அவருக்கு மறக்கவில்லை. ஒரு கால் போனதோடு நான் உயிர் தப்பினேன். மானேஜர் அவரை அன்றைக்கே திட்டினாராம், உத்தரவில்லாமல் நிறுத்தியதற்கு.

9. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நினைவு வந்த பிறகு எஸ்டேட் குமாஸ்தா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். காலுக்கு ஈடாகக் கம்பெனி ஏதாவது செய்யும், நான் மட்டும் கோர்ட்டில் அதிகம் பேசாமல் இருக்க வேண்டும் என்றார். கோர்ட்டில் எனக்கென்ன பேச்சு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பழத்தைத் தின்றுவிட்டேன். அது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது.

10. பாவாயியைப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள், அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தன் வலது கையைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறாள் என்று. போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "ஒண்ணோட நிறுத்தத்தான் பாத்தனுங்க. கை நிக்கலீங்க" என்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று கம்பெனி ஆள் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் ஒப்புக்கொள்ளப் போகிறாள். துரை அவர்களே, எனக்குப் பயமாக இருப்பது அதுதான். செய்யாத குற்றத்துக்கு அவள் தலையை ஆட்டிவிட்டு ஜெயிலுக்குப் போய்விடுவாள். அவள் அங்கே ஒரு மாதம் தாங்க மாட்டாள். ஒரு மனிதனைச் சாகவிடக் கூடாது என்று பதறியதற்கு இந்த ராஜ்யத்தில் தண்டனை இருக்கிறதா?

11. இதற்கிடையில் கயிறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பலகையும் அப்படியேதான் தொங்குகிறது. பாவாயி இடத்தில் சென்னம்மாள் என்ற பெண்ணை வைத்திருக்கிறார்கள். அவளும் எங்கள் ஊர்க்காரிதான், அதே மணியைக் கேட்டு வளர்ந்தவள்தான். மலையாட்களுக்கு இயந்திர வேலை ஒத்துவராது, கீழ்நாட்டு ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று மானேஜர் கம்பெனிக்கு எழுதியிருப்பதாகக் கேள்வி. மார்கழி மூட்டம் தொடங்கிவிட்டது. என் கட்டிலில் படுத்தபடியே எனக்கு அந்த மணி கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

12. ஆகையால் நான் வேண்டுவது:

பிராது என் சம்மதமில்லாதது என்று பதிவு செய்து, பாவாயி மேல் உள்ள கேஸை எடுத்துவிட உத்தரவிட வேண்டும். யாராவது ஒருவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த ஆட்களுக்குத் தலைவனாக இருந்தவன் நான், என்னைக் கேளுங்கள், நான் சொல்லுகிறேன். அதன் பிறகு மானேஜரையும் கேளுங்கள்.

விசாரணை முடியும்வரை அந்தப் பலகையை இறக்கச் சொல்ல வேண்டும். நிற்க விடாமல் அடிப்பது என்ற பழைய கணக்கே இருக்கட்டும். கம்பி அறுந்தால் வேறு கம்பி போடலாம்.

வாய்தாவுக்கு முன் துரை அவர்கள் ஒருமுறை மலைக்கு வர வேண்டும். குதிரைப்பாதை இப்போது நன்றாகவே இருக்கிறது. நான் சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று கம்பெனி வக்கீல் சொல்லுவார். அதற்காக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு, சேக் மைதீனைக் கொட்டகையில் நிற்கச் சொல்லுங்கள். பாவாயியை நடுத்தூணில் நிறுத்துங்கள். பழைய சுமைக்காரர்கள் என்னை டோலியில் தூக்கிக்கொண்டுபோய்க் கயிற்றுக்குக் கீழே வைப்பார்கள், அவர்களைக் கேட்டுவிட்டேன். நான் அவளுக்குத் தெரியும்படி அங்கே உட்கார்ந்திருப்பேன். பிறகு துரை அவர்கள் தங்கள் வாயால் அவளுக்கு உத்தரவு போடுங்கள், ஒரே ஒரு மணி அடி என்று.

அவள் ஒன்றோடு நிறுத்திவிட்டால் கேஸ் நடக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

13. கடைசியாக ஒன்று. போலீஸ் ஸ்டேஷனில் உள்ள பிராதில் என் பெயருக்கு நேரே கைநாட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் நினைவு தப்பிக் கிடந்தபோது என் கட்டைவிரலுக்கு யாரோ மை தடவியிருக்கிறார்கள். பெயர் எழுதத் தெரிந்த நாளிலிருந்து நான் எங்கேயும் கைநாட்டு வைத்தவன் இல்லை. கட்டிலில் மடிமேல் ஒரு பலகையை வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த மனு முழுவதும் என் கையெழுத்து. இதற்குக் கீழே உள்ளதும் அதே கை.

இடம்: ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.
தேதி: வெகுதானிய வருஷம் மார்கழி மாதம் 5ஆம் தேதி (20-12-1938).

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கு. செங்கோடன்
(பிராது கொடுக்காதவன்)