ரமிரோவின் வண்டியில் நான் வரவில்லை

சிகாகோ,
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் நயேலிக்கு,

நான் இங்கே சுகம். தோள்வலி குளிரோடு வந்து குளிரோடு போகிற விருந்தாளி, அதைப் பற்றிக் கேட்காதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ரமிரோ வாசலில் வண்டியை நிறுத்தியதும் நீ ஓடிவந்து அவன் பக்கத்து இருக்கையைத்தான் முதலில் பார்த்திருப்பாய். நான் அதில் இல்லை. அவனைத் திட்டாதே, வழியில் நீ போன் செய்தாலும் எதுவும் சொல்லக் கூடாது என்று நான்தான் வாக்கு வாங்கிக்கொண்டேன். என்னையும் உடனே கூப்பிடாதே. போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சரி சரி என்று சொல்லிவிடுவேன், இரண்டு வருஷமாக நம் பேச்சு இப்படித்தான் முடிகிறது. அதனால் கீழே அவன் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவரப்போவதில்லை நயேலி. நீயும் படிப்பை விட்டுவிட்டு இங்கே திரும்பி வரக் கூடாது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், காரணத்தை இனிமேல் பொறுமையாகப் படி.

ரமிரோ என்னைக் கூட்டிப்போக வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் இங்கே பெரிய பனி கொட்டியது. எதிர்வீட்டு ஒத்திலியா அக்காவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பனியை அள்ளித் தெருவோரத்தில் அவள் காரை நிறுத்த இடம் எடுத்தோம், எனக்குக் கார் இல்லாவிட்டாலும் மளிகை வாங்க அவளோடுதானே போகிறேன். காலையில் அவள் ரொட்டி ஆலைக்குக் கிளம்பும்போது வழக்கம்போல அந்த இடத்தில் கால் உடைந்த சமையலறை நாற்காலியையும் அதன்மேல் ஒரு துடைப்பத்தையும் வைத்துவிட்டுப் போனாள். நீ இந்தத் தெருவில் வளர்ந்தவள், நாற்காலி இருந்தால் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். உன் புருஷன் ரமிரோவுக்கு எப்படித் தெரியும்? பனியையே அவன் மலை உச்சியில் தூரத்திலிருந்து பார்த்தவன். மூன்று நாள் ஓட்டிக் களைத்து வந்தவன், யாரோ குப்பை போட்டிருக்கிறார்கள் என்று நாற்காலியைத் தூக்கிப் பனிக்குவியலில் வீசிவிட்டு அழகாக வண்டியை நிறுத்திவிட்டான். நான் அப்போது நூலகத்தில் வேலையில் இருந்தேன். அவனிடம் முன்கூட்டியே சொல்ல எனக்குத் தோன்றவில்லை, மழை பெய்தால் நனையும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

நான் வீட்டுக்கு வந்து அவனுக்குப் போசோலே சூப் சூடு பண்ணினேன், அவன் குளிக்கப் போனான். அப்போதுதான் ஒத்திலியா அக்கா ஆலையிலிருந்து வந்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கலிபோர்னியா நம்பர் பலகையைப் பார்த்தாள், நாற்காலி கிடந்த இடத்தைப் பார்த்தாள். காரை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு வந்து உள்ளே போனாள், இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வெளியே வந்தாள். ரமிரோ வண்டியின் கண்ணாடி மேல் ஒன்று, கதவுப் பிடி மேல் ஒன்று, மறுபடி உள்ளே போய் மறுபடி இரண்டு. அந்தக் குளிரில் தண்ணீர் கீழே சொட்டுவதற்குள் ஐஸாக இறுகிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து அக்கா அது என் மருமகன் வண்டி என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், நிறுத்தியிருப்பாள். நான் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தேன். என் பெட்டிகள் கூடத்தில் கட்டித் தயாராக இருந்தன, வீட்டுக்காரர் கட்டடத்தை விற்றுவிட்டதால் ஏப்ரலுக்குள் நான் காலி செய்தாக வேண்டும், எல்லாரும் என்னை வழியனுப்பி முடித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஜன்னலில் நின்றபோது, நான் இங்கிருந்து போகிறவள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் வண்டி கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி இருந்தது. கதவு திறக்கவில்லை. ரமிரோ தெருவில் நின்று கத்தினான், ரோடு கவர்மென்ட்டுது, ஒரு ஒடஞ்ச நாற்காலியப் போட்டா உங்களுது ஆயிடுமா என்று கேட்டான். ஒத்திலியா அக்கா படியில் கைகட்டி நின்றுகொண்டு, “ரோடு கவர்மென்ட்டுதுதான் ராசா, அதுல கெடந்த பனிய அள்ளின முதுகு யாருது?” என்றாள். மூலைக்கடை வெனான்சியோ சும்மா இருப்பாரா, வண்டிய இப்படி பளபளன்னு ஆக்க உங்க ஊர்ல எவ்வளவு கேப்பான் தம்பி, இங்க ஓசியிலயே முடிஞ்சுது பாரு என்று வேறு ஏற்றிவிட்டார். ரமிரோவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, நீங்களே சொல்லுங்க அத்தை, இது நியாயமா என்று கேட்டான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, என் வீட்டு விஷயம் வாசலுக்கு வருவது எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். “நேத்து அக்கா தண்ணி ஊத்தினப்போ நான் மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி.” அவன் கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டான். கோபம் எல்லாம் எங்கோ போய்விட்டது. மெதுவாக, “அப்ப நீங்க இந்தத் தெரு ஆளு, எங்களோட வர மாட்டீங்க” என்றான். நல்ல பிள்ளையைத்தான் கட்டியிருக்கிறாய். நான் இன்னும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததை அவன் சொல்லிவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை அவனே உனக்கு நடித்துக் காட்டுவான், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒத்திலியா அக்கா அவன் கையில் பனி அள்ளுகிற ஷவலைக் கொடுத்து வேறு இடம் எடுக்க வைத்தாள். அவன் அள்ளிக்கொண்டிருக்கும்போது அவளே உப்பும், தலைமுடி காயவைக்கிற மெஷினும், நீள ஒயரும் கொண்டுவந்து அவன் வண்டிக் கதவைச் சூடு காட்டித் திறந்துகொடுத்தாள். மாப்ள, இடுப்ப வளைக்காத, முட்டிய மடக்கு, இல்லேன்னா ராத்திரி உங்க அத்தைதான் எண்ணெய் தேய்க்கணும் என்று படியிலிருந்து வேறு பாடம். இடம் எடுத்து வண்டியை அங்கே மாற்றியதும் அவன் மூச்சிரைக்க மாடியேறி வந்து, கடைக்குப் போகணும், அதுக்குள்ள எவனாவது வந்து நிறுத்திருவான், நாற்காலி ஏதாவது இருக்கா அத்தை என்று கேட்டான். நான் சிரித்தது கீழே வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று சமையலறையில் உட்கார்ந்து பேசும்போதுதான் அவன் அதைச் சொன்னான். நான் வராவிட்டால் நீ நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறாயாம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நான் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனிடம் அழுகிறாயாம். நயேலி, உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயது. இப்போதுதான் நாற்பது. கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் கிழவி இல்லை.

அக்டோபரில் உன்னோடு தங்கிய இரண்டு வாரத்தை நான் மறக்கவில்லை, உன் ஊரைக் குறை சொல்ல இதை எழுதவும் இல்லை. அந்த வெயில் என் தோளுக்குச் செய்ததை எந்த மாத்திரையும் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு நம் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார், முகம்கூடக் காட்ட மாட்டார், அதுவும் ஒரு அன்புதான். தெருக் கூட்டுகிற வண்டி வருகிற நாளில் நீ காரைக் கிளப்பி எதிர்ப்பக்கம் நிறுத்தி, அது தாண்டிப் போகும்வரை உள்ளேயே உட்கார்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்வாயே, நான் உன் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். இங்கே இருந்தவரை மற்றவர்கள் முன்னால் வாய் திறக்காத பெண் நீ, அங்கே ஜன்னலைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசினாய். அந்த ஊர் உனக்குச் சரியாகத் தைத்த சட்டை. எனக்கோ, நீ வகுப்புக்குப் போன பிறகு கடைவரைக்கும் நடக்கலாம் என்று கிளம்பினால் நடைபாதையில் நான் ஒருத்திதான், காரை மெதுவாக்கி ஒரு பெண், ஏதாவது ஆச்சா, உதவி வேணுமா என்று கேட்டாள். அங்கே பெண்கள் நடந்தால் ஏதோ ஆகியிருக்க வேண்டும். இங்கே நான் ரயிலில் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு அத்தியாயம் முடிகிறது, கோடையில் ஏரிக்கரைக்குப் போய் இருட்டும்வரை தனியே படிக்கிறேன், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் இரண்டு நாள் என் ஜன்னல் திரை விலகாவிட்டால் ஒத்திலியா அக்கா கதவை உடைப்பாள். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஊர் எனக்கு வேறு இல்லை. நூலகத்தில் இரண்டு ஊரையும் ஒப்பிட்டு எழுதிய புத்தகங்கள் எடுத்துப் பார்த்தேன், சம்பளம், வெயில், பள்ளிக்கூடம், குற்றம் என்று எல்லாம் அலசியிருந்தார்கள், அந்தக் கணக்குப்படி நான் எப்போதோ பெட்டி கட்டியிருக்க வேண்டும். எந்த ஊர் நல்ல ஊர் என்று இனி நீ என்னோடு வாதாடாதே. உனக்கு உன்னுடையது, எனக்கு என்னுடையது.

நேற்று காலை ஒத்திலியா அக்காவின் கட்டடத்தில் மூன்றாவது மாடிப் பின்பக்க வீட்டைப் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு அறை, சின்னச் சமையலறை, பின்னால் மரப்படி. மார்ச்சில் மாறுகிறேன், தூக்கிக்கொடுக்க வெனான்சியோவின் பிள்ளைகள் வருகிறார்கள். உன் அறையில் இருந்ததையெல்லாம் ரமிரோவின் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். உன் பதினைந்தாம் பிறந்தநாள் கவுன், பள்ளிக்கூடப் பரிசுகள், கட்டில்கூடக் கழற்றிக் கட்டியாயிற்று. என் பெட்டிகள் போக வேண்டிய இடத்தில் உன் பெட்டிகள் வருகின்றன. புது வீட்டில் உனக்கென்று அறை கிடையாது. இதை எழுதக் கை வரவில்லைதான், ஆனால் அந்த அறை இருக்கும்வரை நீ அங்கே பாதியாகத்தான் இருப்பாய், அவனும் பாதிப் பொண்டாட்டியோடுதான் குடும்பம் நடத்துவான்.

உங்கள் கூடத்தில் அந்தக் கட்டிலைப் போட்டு வையுங்கள், நான் டிசம்பரில் நூலக விடுமுறைக்கு வருவேன். வெயிலுக்காக வருவேன், உனக்காகவும்தான். அதுவரை ஒரு வகுப்பும் தவறக் கூடாது, மே மாதத் தேர்வுக்குள் உன்னோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. ரமிரோவின் அம்மாவை வாரம் ஒருமுறையாவது போய்ப் பார், அவர் கேட்காமலே உனக்காக நிற்பவர். 

கீழே ஹாரன் அடிக்கிறான், கிளம்ப வேண்டும் என்கிறான். உன் நெற்றியில் போட வேண்டிய சிலுவையை அவன் நெற்றியில் போட்டு அனுப்புகிறேன், அவனிடமிருந்து வாங்கிக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் வழியிலும் வாசலிலும் காக்கட்டும், உன் கை தொடுகிற நோயாளி எல்லாரும் எழுந்து நடக்கட்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். போனில் எப்போதும் வீட்டுக்கு எப்ப வரட்டும் அம்மா என்று கேட்கிறாய். இனி அப்படிக் கேட்காதே. வீடு அங்கே இருக்கிறது, நீ இதைப் படித்துக்கொண்டு நிற்கிற இடம். இங்கே வரத் தோன்றினால், அம்மாவோட வீட்டுக்கு வர்றேன் என்று சொல். கதவு திறந்திருக்கும்.

உன் அம்மா,
மரிசேலா.