முகம் திரும்பிய பக்கம்

அன்புள்ள பட்டாணியின் அப்பாவுக்கு,

நானும் மகளும் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? குளியலறைக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன்.

போனில் சொல்லாமல் விட்ட ஒன்றை இதில் எழுதுகிறேன். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் பட்டாணி என் மடியில் அமைதியாக இருப்பாள். வாசலில் அந்தப் பெண் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முதுகு வில்லாக வளையும். கை பின்னால் முறுக்கிக்கொள்ளும், வாய் கோணும், முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். பேச்சு வராத குழந்தை பயத்தை வேறு எப்படிச் சொல்வாள்? முழங்கையில் ஒரு சிவப்புக் கீறலும் இருந்தது.

ஒருநாள் மதியம், சொல்லாமல் ஆபீசிலிருந்து வந்தேன். பட்டாணி தூங்கிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிப் பார்த்தேன், ஈரத்துணி போல விழுந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மகனுக்கும் நம் பட்டாணிக்கு இருக்கிற இதே பெருமூளை வாதம்தானே. அவன் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி இறுகியே இருக்கும், தூக்கத்தில்கூட முழுதாக இளகாது என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியிருக்க இவள் மட்டும் எப்படி இப்படித் துவண்டு கிடக்கிறாள்? தூக்க மருந்துதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சமையலறைக்குப் போய் ஸ்பூனை மோந்து பார்த்தேன். பின்னால் நின்ற அந்தப் பெண், "மோந்து பாத்தது போதும்க்கா, அப்படியே கழுவியும் வச்சிடுங்க" என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பயிற்சி நிலையத்தில் பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் பட்டாணியின் நாற்காலி வாரின் கொக்கியை விரலால் தடவிக் காட்டினார். கை உதறும்போது முழங்கை படுகிற இடம் அதுதான். பிறகு, பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றார். மூளையில் பாதிப்பு எங்கே என்பதைப் பொறுத்து அது மாறுமாம். தையல்காரர் மகனுக்குத் தசை எப்போதும் இறுகியிருக்கும் வகை. சில பிள்ளைகளுக்கு இறுக்கம் பெரிதாக இருக்காது, நிதானம்தான் தவறும். நடந்தால் தள்ளாடுவார்கள், டம்ளரை எடுக்கப் போனால் கை நடுங்கும். இரண்டு வகை கலந்தும் வருவதுண்டு. பட்டாணிக்கு இறுக்கம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் வகை. தூங்கினால் உடம்பு தளர்ந்துவிடும். ஏதாவது வேண்டும் என்று மனசு துடித்தால், உடம்பு அவள் பேச்சைக் கேட்காமல் வேறு பக்கம் முறுக்கிக்கொண்டு போகும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழக்கம் என்பதால் பரிந்து பேசுகிறாரோ என்றுகூட நினைத்தேன். அவர் அந்தப் பெண்ணைப் போன் போட்டு வரவழைத்து மகளின் வலப்பக்கம் நிறுத்தினார். முறுக்கல் தொடங்கியது. முகம் இடப்பக்கம் போய்விட்டது. "முகம் போன பக்கத்த விடுங்க, கண்ணு எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார். கண் இரண்டும் ஓரத்துக்கு வந்து அந்தப் பெண்ணையே பிடித்துக்கொண்டிருந்தன. என்னிடம் மட்டும் ஏன் சும்மா இருக்கிறாள் என்று கேட்டேன். "நீங்கதான் கையிலயே இருக்கீங்களே, உங்களுக்கு எதுக்குத் தவிக்கணும்?" என்றார்.

அந்தப் பெண் திரும்ப வேலைக்கு வருகிறாள். ஸ்பூன் கழுவுவது மட்டும் இனி என் பொறுப்பாம்.

இப்போது சந்தேகம் உங்கள் மேல்தான். கடைசியாக வீடியோவில் வந்தபோது அவள் உடம்பை வளைத்துச் சுவரைப் பார்த்தாள். "என்னைக் கண்டா பயப்படுறா, விடு" என்று வைத்துவிட்டீர்கள். அதன்பின் வெறும் குரல்தான். கேட்டால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். உங்கள் தம்பியிடம் மட்டும் முகம் காட்டிப் பேசச் சிக்னல் கிடைக்கிறது போல.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் வாருங்கள். அவள் முகம் சுவர்ப் பக்கம்தான் போகும். உடனே வைத்துவிடாதீர்கள். போனை நான் பக்கத்தில் கொண்டுபோகிறேன், கண்ணை மட்டும் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா