கட்டத்தில் மட்டும் குறி

கடலூர்
4.6.2006

என் மகன் கதிரவனுக்கு, அப்பா சிங்காரம் தன் கையாலேயே எழுதுவது.

இதை எங்கள் முதியோர் வகுப்பு ஜான்சி டீச்சர் எழுதித் தரவில்லை. தகரக் கொட்டகை வெயிலில் காய்கிறது, வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். ‘ழ’ வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று போகிறேன்.

நேற்று முதுநகரில் பஸ் போர்டு படித்தேன். திட்டக்குடி என்று இருந்தது. திட்டக்குடியில் நமக்கு யாரும் இல்லை. ஆனாலும் அந்த பஸ் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் தாய்மாமன் உத்திராபதிக்குக் கேலி. “மாமா கலெக்டர் பரீட்சைக்குப் படிக்குது, வலைய நாமதான் இழுக்கணும்” என்று படகில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறான். சிரிக்கட்டும். நாலு பேருக்குப் பொதுவாக அந்த பைபர் படகு கிடைத்ததால்தான் நான் இன்னும் ஆளாக இருக்கிறேன். சுனாமியில் அம்மா போன பிறகு கரையில் எனக்கு என்ன இருக்கிறது? கடலில் இருக்கும்வரை நான் சிங்காரம். இறங்கிவிட்டால் கொட்டகை நம்பர்.

சிதம்பரம் என்ன சிங்கப்பூரா? நீ வராததால்தான் எழுதக் கற்றுக்கொண்டேன் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
சிங்காரம்
(கைநாட்டு இல்லை. கையெழுத்து.)


சிதம்பரம்
13.6.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன். மேலதிகாரி அம்மா இரண்டு முறை படித்தார்கள்.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பீர்களே. சுனாமியில் தப்பியவர்கள் மனதில் அந்தப் பயம் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேள்வித்தாள் கொடுத்துப் பார்க்கிறோம். அவரவரே படித்து, ‘இல்லவே இல்லை’ முதல் ‘மிக அதிகம்’ வரை ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போடவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். கூட்டி வருவது அதிகமாக இருந்தால் டாக்டரிடம் அனுப்புவோம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். படித்துப் பழகவும் ஆயிற்று, எனக்கும் நிம்மதி. உண்மையாகப் போடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன். எங்கள் வேலையில் முதல் விதியே அதுதான்.

உங்கள் மகன்,
கதிரவன்


கடலூர்
29.6.2006

என் கதிரவனுக்கு,

தாள் வந்தது. தபால்காரர் என் பேரைக் கூப்பிட்டபோது கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நல்ல கேள்விகள். இதுவரை வந்த ஆபீசர்கள் எத்தனை வலை போயிற்று, எத்தனை பாத்திரம் போயிற்று என்றுதான் கேட்டார்கள். தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டு படித்தேன். முழு வாக்கியமாக எழுதாத பதிலுக்கு மார்க் கிடையாது என்பது டீச்சருடைய சட்டம். அதனால் குறி போட்டதோடு விடாமல் பக்கத்தில் இடம் இருந்த அளவுக்குக் காரணமும் எழுதியிருக்கிறேன்.

நினைக்க விரும்பாதபோதும் அது நினைவுக்கு வருகிறதா என்ற கேள்விக்கு ‘மிக அதிகம்’. ஏன் என்று அங்கே எழுதியிருப்பதைப் பார். வலை இழுக்கும்போது ராசம்மா பின்னால் நின்று, “ஏங்க, இங்க பாருங்க” என்று கூப்பிடுகிறாள். கை அப்படியே நின்றுவிடுகிறது. உத்திராபதி கயிற்றை வாங்கிக்கொள்கிறான். தோள் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனுக்கு அவள் கூடப் பிறந்த அக்கா. அவனிடம் எப்படிச் சொல்வது?

உன்னிடம்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் வாயால் சொல்ல வரவில்லை, எழுதத்தான் வந்தது. தாளைத் தபாலில் போட்டுவிட்டு வந்து நன்றாகத் தூங்கினேன். படிப்பு பெரிய விஷயம்தான்.

உன் அப்பா,
சிங்காரம்


கடலூர்
23.7.2006

கதிரவனுக்கு,

நேற்று விடியற்காலை படகைத் தள்ளப் போனேன். என் இடத்தில் பக்கத்துக் கொட்டகை பட்டம்மாள் மகன் நின்றான். உத்திராபதி என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “அக்கா கூப்புடுறான்னு எழுதியிருக்கியாமே மாமா. கதிரு வந்து படிச்சுக் காட்டினான். எங்க மூணு பேத்துக்கும் புள்ள குட்டி இருக்குது. நீ கரையில இருந்து வலை பாரு.”

மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். கேலிகூடச் செய்யவில்லை.

அப்படியானால் நீ கடலூர் வந்திருக்கிறாய். துறைக்கு வந்து மாமனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய். கொட்டகைக்கு வரவில்லை.

சிங்காரம்


சிதம்பரம்
31.7.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது என்றுதான் கொட்டகைக்கு வரவில்லை.

உங்கள் எண் மிகவும் அதிகம். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடல் நடுவில், கையில் கயிறு இருக்கும்போது திரும்பிப் பார்க்கிறீர்கள். ஒரு நாள் மாமா பக்கத்தில் இல்லாவிட்டால்? அம்மாவைத் தேடி அந்தக் கரையில் நடந்தவன் நான். உங்களையும் அப்படித் தேட என்னால் முடியாது. நான் செய்தது விதிக்கு விரோதம். தெரிந்துதான் செய்தேன். திட்டுங்கள்.

ஆனால் டாக்டரைப் பார்க்க ஒரு முறை வாருங்கள். ரயிலடியில் வந்து நிற்கிறேன். இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாள் கழித்துப் போட்டு அனுப்புங்கள். எண் குறைந்திருந்தால் நானே மாமாவிடம் பேசிப் படகில் ஏற்றிவிடுகிறேன். இந்த முறை பக்கத்தில் எதுவும் எழுதவேண்டாம். கட்டத்தில் மட்டும் குறி போடுங்கள், கூட்டுவதற்கு அது போதும்.

கதிரவன்


கடலூர்
3.9.2006

கதிரவனுக்கு,

நீ கேட்ட தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். இப்போது வேகமாக வருகிறது.

நீ சொன்னபடி பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் ‘இல்லவே இல்லை’. தூக்கம் கெடுவது இல்லவே இல்லை. பயம் இல்லவே இல்லை. உன் அம்மா கூப்பிடுவதும் இல்லவே இல்லை. கூட்டிப் பார்த்தேன், பூஜ்யம் வருகிறது. எங்கள் வகுப்பில் அது வெட்கக்கேடு. உங்கள் ஆபீஸில் அதுதான் நல்ல மார்க் என்று நினைக்கிறேன். மாமனிடம் இதையும் படித்துக் காட்டு. போன தாளைப் படித்த வாய்தானே.

டாக்டரிடம் வரவில்லை. அவரும் கேள்விதான் கேட்பார்.

வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஜான்சி டீச்சர் வந்து கூப்பிட்டுப் பார்த்தது. கற்றுக்கொண்டவரை போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

தாளின் கடைசியில், மேலே குறித்ததெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட ஒரு கோடு இருக்கிறது. அதில் கைநாட்டு வைத்திருக்கிறேன். கையெழுத்து வேண்டுமென்றால் பழைய தாளில் இருக்கிறது, பார்த்துக்கொள்.